ஒரு நட்சத்திரம் கொடுத்தவன்

எனக்கு நாவல் வாசிக்கும் பழக்கம் இல்லை. செய்தித்தாளோடு நிறுத்திக்கொள்பவன். ஆகவே ஒரே நாவலை மூன்று தடவை வாசித்தேன் என்று நான் சொன்னபோது நீங்கள் நிமிர்ந்து பார்த்ததில் ஆச்சரியமில்லை, இன்ஸ்பெக்டர். மொழிபெயர்ப்பாளரின் வாயால் சொன்னால் விஷயம் திரிந்துவிடும், தாளைத் தாருங்கள், தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். தந்தீர்கள். நன்றி.

பெயர் தில்லையம்பலம். வயது அறுபத்து மூன்று. இருபத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் நேர அட்டவணை பார்த்தவன். ஹரோவில் எங்கள் வீட்டிலும் அந்த ஒழுங்கு இருந்தது. மனைவி சுவர்ணா புதன்கிழமைகளில் நூலகத்து வாசகர் வட்டத்துக்குப் போய்வந்தாள். அதற்கு நான் தடை சொல்லவில்லை. கூட்டம் பன்னிரண்டுக்கு முடியும், நடந்து வரப் பதினான்கு நிமிடம். ஒரு தடவை பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு வந்தாள். அன்று நான் அவளோடு பேசவில்லை. அடுத்த ஒன்பது நாளும் பேசவில்லை. நான் ஒருநாளும் கை நீட்டியவன் அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன தையில் வட்டத்தில் அந்த நாவலைக் கொடுத்தார்கள். பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தர மாட்டேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணொருவர் எழுதியது. காதலும் திகிலும் கலந்த கதை. ஜோர்ஜியாவில் நடீன் என்ற பெண் புருஷனை விட்டு ஓடுகிறாள். அவன் தேடி வருகிறான். பொலிசிலிருந்து விலகிய ஒருவன் அவளைக் காப்பாற்றுகிறான், காதலிக்கிறான். கடைசியில் புருஷன் ஆற்றில் மூழ்கிப் போகிறான். அவ்வளவுதான்.

சுவர்ணா சாப்பாட்டு மேசையிலும் அதை விரித்து வைத்திருந்தாள்.

“கறுப்பாக்களின்ர கதை உமக்கென்னத்துக்கு?” என்று கேட்டேன்.

“இந்த நடீன் பிள்ளை, தண்ணி கொதிச்சுக் கேத்தில் ‘டக்’ எண்டு நிக்கிறதுக்கு முன்னமே தூக்கிடுறாள்,” என்றாள். “புருஷனுக்குச் சத்தம் கேக்கக்கூடாதெண்டு. அதை எப்பிடி எழுதினாவோ தெரியேல்லை.”

அவள் அப்படித்தான் தேநீர் போடுவாள். அதுவரை நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

என்ன மாதிரிப் புத்தகம் என்று பார்க்கலாமென்று, வாசகர்கள் அபிப்பிராயம் எழுதும் இணையத்தளத்துக்குப் போனேன். முந்நூறுக்கு மேல் இருந்தன. சிலர் கதாநாயகன் அளவுக்கு மிஞ்சி நல்லவன் என்றார்கள். ஒருவர் முப்பதாம் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது என்றார். மற்றவர்கள் எல்லோரும் புகழ்ந்திருந்தார்கள். நடுவில் ‘ஹரோ வாசகி’ என்ற பெயரில் ஐந்து நட்சத்திரத்தோடு ஓர் அபிப்பிராயம். “இந்தப் புருஷன் அடிப்பதே இல்லை. அடித்திருந்தால் யாரிடமாவது காட்டியிருக்கலாம். கேத்தில் சத்தத்துக்குப் பயப்படுவதை யாரிடம் காட்டுவது? இந்த வீடு எனக்குத் தெரியும்.”

சுவர்ணாதான். நூலகத்துக் கணினியில் இருந்து எழுதியிருக்கிறாள். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிடத் திருத்தமானது.

ஒரு வீட்டுக்காரனுக்குப் பதில் சொல்ல உரிமை இருக்கிறது. நானும் ஒரு பெயர் பதிந்து ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். புருஷன் பாத்திரத்துக்கு அநியாயம் செய்யப்பட்டிருக்கிறது, அவன் பக்கத்தை யாரும் கேட்கவில்லை என்று எழுதினேன். அது போதவில்லை. இரண்டு மாதத்தில் பத்தொன்பது பெயர்கள். சில பெயர்களில் நானே கறுப்பினத்தவனாக இருந்து, எங்கள் ஆண்களை இந்த எழுத்தாளர் அவமதிக்கிறார் என்றேன். ஹரோ வாசகியின் அபிப்பிராயத்துக்குக் கீழே, உன்னைப் போன்றவர்கள்தான் குடும்பங்களைக் குலைக்கிறீர்கள் என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக, பக்க எண் கொடுத்துப் பதில் எழுதினாள். வீட்டில் முப்பத்து நான்கு வருடமாக எனக்கு ஒரு மறுமொழி சொல்லாதவள். வாசிக்கும்போது எனக்கு வேறொரு பெண்ணைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அதன்பிறகுதான் மெலிசாவானேன். பால்டிமோரில் தாதி, கறுப்பினப் பெண், புருஷனை விட்டு வந்தவள். அந்தத் தளத்தில் தனிச் செய்தி அனுப்பலாம். “சகோதரி, உன் அபிப்பிராயத்தை வாசித்து அழுதேன். நீ பத்திரமாக இருக்கிறாயா?” என்று எழுதினேன். அடுத்த புதன்கிழமை பதில் வந்தது. அதிலிருந்து புதன்தோறும் எழுதினாள். அவளுக்குப் பாட்டுப் பிடிக்குமாம், நான் வீட்டில் இல்லாதபோது மட்டும் பாடுவாளாம். அதை ஒரு மெலிசாவிடம் போய்ச் சொல்கிறாள்.

சித்திரையில் எழுதினாள்: சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி நிர்வாகக் கூட்டத்துக்கு நான் போகும் நேரம் புறப்படப் போகிறாள். தோர்ண்டன் ஹீத்தில் மேரிசாந்தி என்ற சிநேகிதி இடம் கொடுப்பாள்.

மெலிசா நல்ல ஆலோசனை சொன்னாள். போனைச் சமையலறையில் விட்டுவிடு, அதை வைத்துக் கண்டுபிடிப்பான். எந்த நாள் என்று சிநேகிதிக்குக்கூடச் சொல்லாதே, வாய் தவறிவிடும். மான்செஸ்டரில் இருக்கும் மகளுக்குப் பிறகு சொல்லலாம். உன் கதவு திறந்திருக்கிறது, சகோதரி, நட.

சனிக்கிழமை நான் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். பத்து இருபது. மாடிப்படியின் மேல் படியில் சிறிய பையோடு நின்றாள்.

“எங்கை வெளிக்கிட்டனீர்?”

“மகளுக்கு... ஒரு சாமான் அனுப்ப.”

நான் மேலே ஏறிப்போய் ஆங்கிலத்தில் சொன்னேன், உன் கதவு திறந்திருக்கிறது, சகோதரி, நட என்று.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என் முகத்தை வடிவாக உற்றுப் பார்த்தாள்.

“நீங்களோ?” என்றாள். பிறகு, “நான் பாடுறதையும் உங்களுக்கே சொன்னனான்?”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக அந்தக் கையை எடுத்துவிட்டேன். பிறகு என் உள்ளங்கையை அவள் முதுகில் வைத்தேன். பதின்மூன்று படி.

அறைக்குப் போனேன். அவளுடைய பை மேலேயே விழுந்திருந்தது. உள்ளே கொப்பியில் அந்தத் தளத்தின் கடவுச்சொல்லை எழுதி வைத்திருந்தாள். கீழே இருந்து “இஞ்சருங்கோ” என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை. கேட்டது, மறுக்கவில்லை. நான் கணினியில் இருந்தேன். ஹரோ வாசகியின் அபிப்பிராயத்தைத் திறந்து ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக்கினேன். மூன்று வரி எழுதினேன். “மறுபடி வாசித்துப் பார்த்தேன். இது நம்பும்படியான கதை அல்ல. இப்படி ஒரு புருஷன் எங்கும் இல்லை.” ஆங்கிலம் பிழையில்லாமல் வர நேரமெடுத்தது. பன்னிரண்டு ஐந்துக்கு ஆம்புலன்சைக் கூப்பிட்டு, மனைவி இப்போதுதான் விழுந்தாள் என்றேன்.

அந்த மேரிசாந்தி செத்த வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு நேரே உங்களிடம் வந்தாள். அந்த மூன்று வரியைக் காட்டி, சுவர்ணா சாகும்வரை இப்படி எழுதமாட்டாள் என்று சொன்னாளாம். நீங்கள் நேரத்தைப் பார்த்தீர்கள். பதினொன்று பத்துக்கு எங்கள் வீட்டுக் கணினியில் மாற்றப்பட்டிருக்கிறது. அவள் விழுந்தது அதற்கு முன்பு, விழுந்த பிறகும் முக்கால் மணி நேரம் உயிர் இருந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். டாக்டர் சரி. நீங்களும் சரி. நான்தான் தள்ளினேன், நான்தான் உயிரைப் போகவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்த அபிப்பிராயத்தை அழிக்கச் சொல்லி மகள் கேட்டிருக்கிறாளாம். அழிக்க வேண்டாம். பன்னிரண்டு பேர் அதைப் பயனுள்ளது என்று குறித்திருக்கிறார்கள். அதில் பத்துப் பேர் நான். மற்ற இருவரையும் எனக்குத் தெரியாது. உலகத்தில் இரண்டு பேருக்காவது என்னை விளங்கியிருக்கிறது.