ஒரே குடும்பத்துப் பெயர்கள்

பெயர் வைப்பதில் எனக்குக் கைராசி உண்டு, மேடம். இதை நானாகச் சொல்லவில்லை, என் தங்கை சொல்வாள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்தாள். வணிகப் பெயர்களைப் பதிகிற அலுவலகத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்காவது என் அருமை புரியும்.

அப்பா விட்டுப்போன சோப்புப் பட்டறையை நாங்கள் சேர்ந்துதான் நடத்தினோம். காய்ச்சுவது அவள், கல்லாவில் உட்கார்வது நான். கண்மூடுவதற்கு முன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் பிரிஞ்சிடாதீங்க" என்றார். போன வருடம் இவள், "நானும் சொந்தமா ஒண்ணு பண்ணிப் பாக்கறேன், அண்ணா" என்று கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். ஆனால் நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

ஒற்றை அறை, இரண்டு அடுப்பு. கையிலிருந்ததையெல்லாம் அதில் போட்டாள். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டு வந்தாள். டீ குடித்தபடி யோசித்து 'நுரைக்காரி' என்று முடிவு செய்தோம். அவளுக்கு வாயெல்லாம் பல். அவள் தெருமுனை திரும்புவதற்குள் நான் விண்ணப்பத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன். நுரைக்காரி, நுரைக்காரி சோப்பு, எங்கள் நுரைக்காரி, எல்லாம் ஒரே விண்ணப்பத்தில். ஒத்த பெயர்களைச் சேர்த்துப் பதியலாம் என்று உங்கள் விதியே சொல்கிறது. கூடப்பிறந்ததைப் பிரிப்பது பாவம் இல்லையா? என் பெயரில் போட்டால் நன்றாக இருக்காது என்று ஒரு கம்பெனி தொடங்கினேன். கம்பெனி என்றால் ஒரு முத்திரை, அதை வைக்க ஒரு மேஜை டிராயர், அவ்வளவுதான்.

உறை அச்சாகி, சோப்பு கடை ஏறியதும், அந்தப் பெயர் எங்களுடையது என்று கம்பெனியிலிருந்து அவளுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம்தான் ஓடி வந்தாள். "நான் யார் குடியைக் கெடுத்தேன், அண்ணா?" என்று அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டேன். பேசாமல் பட்டறைக்கே வந்துவிடு என்றும் சொன்னேன். அது மட்டும் மாட்டேன் என்றாள். அப்பாவின் அதே பிடிவாதம். சரி, அடுத்த பெயரை யோசிப்போம் என்றேன்.

பளிச்சம்மா, கமகமா, அழுக்குப்பகை என்று ஒவ்வொன்றும் குடும்பத்தோடு கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. அழுக்குப்பகை என் சொந்தக் கற்பனை. அதை மட்டும் அவளிடம் சொல்வதற்கு முன்பே பதியக் கொடுத்துவிட்டேன். வீணாய்ப்போன உறைகளை எரித்துத்தான் அவள் அடுத்த சோப்பைக் காய்ச்சினாள்.

கடைசியாக வந்தபோது நிறைமாதம். டீயைத் தொடவில்லை. பிறக்கப்போகிற குழந்தைக்கு ஒரு பெயர் வைத்திருப்பதாகவும், அதையே சோப்புக்கும் வைக்கப்போவதாகவும் சொன்னாள். பூந்துளி.

"இது அவருக்குக்கூடத் தெரியாது. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே பூந்துளி, பூந்துளி சோப்பு, குட்டிப் பூந்துளி மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். நோட்டீஸும் அனுப்பினேன். ஓர் உறைகூட அச்சாகாத பெயருக்கு நோட்டீஸ் போனது என் அவசரபுத்தி. இந்த முறை அவள் அழுதுகொண்டு என்னிடம் வரவில்லை. அதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

ஆமாம், அந்தக் கம்பெனி நான்தான். முத்திரை என் டிராயரில்தான் இருக்கிறது. ஆனால் அவளிடமிருந்து நான் எதையும் பறிக்கவில்லை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். அவள் பட்டறைக்குத் திரும்பி வந்தால் அத்தனையும் அவளுக்குத்தானே?

குழந்தை பிறந்துவிட்டதாம். பெண். தாய்மாமன் என்று ஒருவன் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. எங்கள் இருவருக்கும் சோப்புக்கு எண்ணெய் போடுகிறவர் சொல்லித்தான் தெரியும். பெயரும் பூந்துளி இல்லையாம், வேறு வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர், சோப்புக்கும் பொருந்தும். அதைத் தனியாக விட மனசு வரவில்லை, மேடம். உங்களைப் பார்க்க மாடி ஏறுவதற்கு முன்னால், கீழே கவுன்ட்டரில் அதையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.