ஜெனரல் ருசி பார்த்த சூப்பு

...ஆறு வருஷம்டா ஸகார். இந்தத் துருக்கிஸ்தான் கோட்டைக்கு வந்து முழுசா ஆறு வருஷம். எதிரிய விடு, எதிரியோட குதிரை வாலக்கூடப் பாத்ததில்ல. என்னத்த வெட்டினோம்? கேப்டன் தோட்டத்துல முட்டைக்கோசு வெட்டினோம். பேரு மட்டும் ஜார் மன்னரோட சிப்பாய்ங்க. தூ.

கேக்குதா உள்ள? காவல் நிக்கிறவன் கைதியோட பேசக் கூடாதாம், சார்ஜென்ட் சொல்றான். அவன் கெடக்கான். ஜெனரல் பார்வையிட வர்றார்னு பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வெச்சவன்தானே. நம்ம பூட்ஸ்ல ஓட்டை. அதுக்கு என்ன சொன்னான்? மேல கரியப் பூசுங்கடான்னான். பூசினோம்.

அந்த ஜெனரலு... அந்த வயித்தத் தாங்கிப் பிடிக்கவே ரெண்டு ஆள் வேணும். அவருக்குத் தனிப் பானை, புது ஆட்டுக்கறி. ஒரு கரண்டி குடிச்சிட்டு, பிரமாதம்ங்கிறார். நம்ம பானையில புழு நீச்சலடிக்குது. "யாருக்காவது குறை இருக்கா"ன்னு ஒரு பேச்சுக்குக் கேட்டா, உடனே முன்னால போயி நிக்கிறதா? பெரிய வீரன் இவரு. "சூப்புல புழுங்க ஐயா"ங்கிறே. மத்தவன் அத்தன பேரும் வாயத் தெச்சுக்கிட்டு நின்னானுங்க. இப்ப இருட்டறையில முப்பது நாள். புத்தி கெட்டவனே.

சரி... நான்தான் சொன்னேன். காலையில பூட்ஸ் துடைக்கையில, "நீ கேளு ஸகார், உனக்குத்தான் பேச்சு தெளிவு, பக்கத்துல நான் நிக்கிறேன்ல"ன்னு. நின்னேன்ல? பக்கத்துலதான நின்னேன். அவர் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா, சூப்பு எப்படி"ன்னு கேப்பார்னு நான் கண்டேனா? பின்னால சார்ஜென்ட் என்னையே மொறைக்கிறான். வாய் தானா, "எங்கம்மா வெச்ச மாதிரி இருக்குதுங்க"ன்னுடுச்சு.

சிரிச்சார். ஒரு கிண்ணம் வோட்கா குடுக்கச் சொன்னார். உன்ன இழுத்துட்டுப் போறானுங்க, நான் குடிக்கிறேன்.

இப்ப சாப்பாட்டுல எம்பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டேங்கிறான். "புரோகோருக்கு அம்மா சூப்பு ஊத்துங்கடா"ங்கிறானுங்க. அன்னிக்கு வாயத் தொறக்காத யோக்கியனுங்க.

இந்தக் காவல யாரும் எனக்குப் போடல. நானா கேட்டு வாங்கினேன். ரெண்டு வார்த்தை திட்டுடா, வாங்கிக்கறேன். இந்தா, கதவுக்கு அடியில ரொட்டி தள்றேன். என் பங்குதான். புடி...

ஏண்டா திருப்பித் தள்ற?

...சரி. மாத்து ஆள் வர்றான். அவன் கையில குடுத்துட்டுப் போறேன். அவன் ரொட்டின்னே நெனச்சுத் தின்னு.