புது ரப்பர்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவரின் மடியில், இங்கே டொங்காட் என்று சொல்லும் ஊன்றுகோல்கள் இரண்டு கிடந்தன. அக்குளில் படும் இடத்தில் துண்டு சுற்றியிருந்தது; தரையில் ஊன்றும் நுனியில் ரப்பர் மாட்டியிருந்தது.

"கோயில் வாசல்ல டொங்காட் ரப்பரையும் கழட்டிடுங்க," என்றார் மனைவி. "ரோட்டுல மிதிச்சதுலா. அதுவும் செருப்புதான்."

"போன மாசம் கழட்டினேன். வெறும் கட்டை வழுக்கி, எல்லாரும் பார்க்க விழுந்தேன். மறந்துட்டியா?"

"இன்னிக்கு உங்க அக்கா மக கல்யாணம். தாய்மாமன் நீங்கதான் பொண்ணை மணவறைக்கு அழைச்சிட்டு வரணும்."

"அதான் பயமா இருக்கு. கால் கழுவிட்டு வர்றவங்களால தரையெல்லாம் ஈரம். நான் விழுந்தா அவளும்ல விழுவா?"

மனைவி கைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய இரண்டு புது ரப்பர்களை எடுத்தார். "ரோட்டையே பார்க்காதது. உள்ள போறப்ப இத மாட்டிக்குங்க."

கணவர் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். ஊன்றுகோலைத் தூக்கியதும் அது கழன்று விழுந்தது.

"அளந்து வாங்கலியா?"

"எல்லாம் ஒரே சைஸ்னு கடைக்காரன் சொன்னான். துணி வச்சு இறுக்கிடலாங்க."

அவர் பழைய ரப்பரையே திரும்ப மாட்டினார்.

"பொண்ணை அழைச்சிட்டு வர என் தம்பிகிட்ட சொல்லு, அவனும் தாய்மாமன்தானே," என்றார். "நான் வாசல்லயே நிக்கிறேன்."