நூம்பலில் ஓர் ஓல்டான்

இந்தச் சாலைப் பாதுகாப்பு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பேருந்துப் பணிமனை மேலாளர் ஐயா அவர்களே! வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் நூம்பல் பெரியோர்களே! என் ஆசிரியப் பெருமக்களே! பேருந்தில் நின்று நின்று பழகி, நாற்காலி காலியாக இருந்தும் இங்கேயும் ஓரமாகவே நிற்கும் தாய்மார்களே! பத்தாம் வகுப்பு மோகனப்பிரியாவின் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘மோட்டார் வாகனம் வளர்ந்த கதை’.

முதன்முதலில் மோட்டார் வந்தபோது, குதிரை எங்கே என்று மக்கள் குனிந்து தேடினார்களாம். முகப்பில் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றினால்தான் அது உறுமும். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, முதுகில் அடுப்பைச் சுமந்து கரிப்புகையில் ஓடியது பேருந்து. பிறகு டீசலில் ஓடியது. இன்று மின்சாரத்தில் ஓடுகிறது. ஓடியது, ஓடியது என்றே புத்தகங்கள் பேசுகின்றன. நான் கேட்கிறேன்: காரும் ஓடுகிறது, லாரியும் ஓடுகிறது. பேருந்துக்கு என்ன தனிப்பெருமை?

அது நிற்கும்! முன்பின் தெரியாதவருக்காக நிற்கும்!

நடத்துநர் வாயில் இரண்டே சொற்கள். ‘ரைட்’ என்றால் வண்டி போகும். ‘ஓல்டான்’ என்றால் நிற்கும். ஆங்கில ‘ஹோல்ட் ஆன்’ என்பதிலிருந்து இறங்கி நம் ஊர்ப் படிக்கட்டில் ஏறிக்கொண்ட சொல் அது.

சாலையை அகலமாக்கியபோது நம் நிறுத்தத்தின் பலகையைப் பிடுங்கினார்கள். மறுபடி நடவில்லை. அதோ நிற்கிறாரே வேம்புலியம்மாள் அத்தை, என் தோழி யுவராணியின் அம்மா. சொல்லட்டுமா அத்தை? தலையாட்டிவிட்டார்! ஒரு காலை நாங்கள் மூவரும் பூந்தமல்லி பேருந்துக்குக் கைகாட்டினோம். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினார்.

“இன்னாம்மா, கை காட்ற எடத்துல எல்லாம் நிக்கறதுக்கு இது ஷேர் ஆட்டோவா? போர்டு எங்க கீது?”

“போர்டு இல்லாட்டி இன்னா நைனா? நான் கீறேன்ல!” என்றார் அத்தை.

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். பேருந்து போய்விட்டது. ஓட்டுநர் அண்ணனைக் குறை சொல்லவில்லை. பலகையில்லாத இடத்தில் நிறுத்தினால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்?

அடுத்த நிறுத்தமான வேலப்பன்சாவடி நோக்கி நடந்தோம். ஒரு லாரி உரசியதில் யுவராணியின் பை அறுந்து, புத்தகங்கள் சாலையில் சிதறின. “படிப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம். உசுரோட ஊட்ல கெட” என்றார் அத்தை. அன்றோடு அவள் பள்ளிக்கு வரவில்லை. பட்டிமன்றத்தில் என்னை எப்போதும் தோற்கடிப்பவள் அவள். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் நான் வெல்வதும் ஒரு வெற்றியா?

கைதட்டாதீர்கள் அண்ணா, பேருந்து இன்னும் நிற்கவில்லை!

தலைவர் ஐயா, பலகை வெறும் தகரம். அதன் கீழே காத்திருக்கும் மனிதர்தான் நிறுத்தம். நாளைக் காலை யுவராணியின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் காத்திருப்பேன். புதுப் பேருந்து கேட்கவில்லை, புதுச் சாலை கேட்கவில்லை. உங்கள் வாயால் ஒரே ஒரு ‘ஓல்டான்’ கேட்கிறோம்.

எனக்காக இவ்வளவு நேரம் நின்ற தாய்மார்களே, நன்றி. நாளை உங்களுக்காகப் பேருந்து நிற்கட்டும். வணக்கம்!