தென்னங்கன்றுக்கு வாங்கிய உப்பு

காலை எட்டு மணிக்குக் குறிகாட்டுவான் துறையிலிருந்து வெளிக்கிடும் படகில் நீங்கள் வந்தது நல்லது. மத்தியானத்துக்குப் பிறகு கடல் குழம்பும். புதிதாக வருகிறவர்கள் வழியெல்லாம் சத்தியெடுத்துவிட்டு, நெடுந்தீவு தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

அறைகளைப் பார்த்துவிட்டீர்கள். இனித் தண்ணீரைப் பற்றிக் கேட்பீர்கள். இங்கே காணி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலிலேயே கேட்டேன். நான் இங்கே பிறந்தவன். அப்பா மாத்தறையில் கடை வைத்திருந்தார். நான் ரொறன்ரோவில் இருந்துவிட்டு, வயது போன பிறகு இந்த விடுதியைக் கட்ட வந்தேன். என் காணியில் தோண்டிய கிணற்றில் உவர். குளிக்கலாம், குடிக்க ஏலாது. நல்ல தண்ணீர் அடுத்த வளவில் இருந்தது. இடையில் ஒரு மதில் இருந்தது, இப்போது இல்லை. நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அந்த இரண்டு அறைகளும் அந்த வளவில்தான் நிற்கின்றன.

அது மாக்கிறேற் அக்காவின் வளவு. அவருடைய கணவர் பஸ்ரியாம்பிள்ளை கடலுக்குப் போய் வந்து, வயது முதிர்ந்து, அந்த வீட்டிலேயே இறந்தவர். மகள் மன்னாரில் கலியாணம் கட்டியிருந்தாள். அக்கா தனியாக இருந்தார். நான் நல்ல விலை சொன்னேன். ஊர் விலையைவிடக் கூட. அதை நீங்கள் யாரிடமும் விசாரிக்கலாம்.

அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்:

“வீட்டை விக்கலாம் தம்பி. கிணத்தை என்னெண்டு விக்கிறது? நாலு வீட்டுச் சனம் குடிக்குது. தண்ணி இருக்குமட்டும் நான் இதிலைதான் இருக்கவேணும்.”

அவர் சொன்னது நியாயம். இங்கே நல்லதண்ணிக் கிணறு வைத்திருப்பவர் யாரையும் மறிப்பதில்லை. அள்ள வருகிறவர்களும் வாளியால் மட்டும்தான் அள்ளுவார்கள். மிசின் வைத்து இறைப்பதில்லை. நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் கடல்தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கிறது. அவசரப்பட்டு இறைத்தால் கீழே இருப்பது மேலே ஏறிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

தண்ணீர் இருக்குமட்டும் என்று அவர் சொன்னதை நான் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

தென்னங்கன்று நடும்போது குழிக்குள் உப்புப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கன்றுகள் வாங்கினேன். உப்பும் வாங்கினேன், மூட்டைக் கணக்கில். படகில் ஏற்றிய பெடியன்களும் லான்மாஸ்ரர் வண்டியில் கொண்டுவந்து இறக்கியவரும் எத்தனை கன்று வைக்கப்போகிறேன் என்று மட்டும்தான் கேட்டார்கள். கன்றுகளை வைத்தேன். நீங்கள் பார்த்தீர்கள், நன்றாக வந்திருக்கின்றன.

மிச்ச உப்பில் பாதியை மாதா கோயில் பெருநாள் அன்று அக்காவின் கிணற்றில் போட்டேன். பகல் பூசை. பந்தலுக்குக் காசு கொடுத்தவன் நான். அதனால் நானும் அங்கே எங்கேயோ நிற்பதாகத்தான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். வேலை கடினமாக இருக்கவில்லை. கல்லுப்பு விழும்போது மழை பெய்வதுபோலச் சத்தம் வந்தது. முடித்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் சிந்தியிருந்ததைக் கூட்டி அள்ளினேன். பிறகு கோயிலுக்குப் போய் அக்காவோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டேன்.

நான் நஞ்சு போடவில்லை. அதைச் சொல்லவேண்டும். உப்பு எல்லோரும் சாப்பிடுகிற சாமான்.

அடுத்த நாள் அள்ள வந்தவர்கள் வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்கள். நான் அவர்களைப் போலவே துப்பினேன். எப்படி இப்படி வந்தது என்று அவர்கள் ஆளையாள் பார்த்தபோது நான் ஒரு கேள்வி கேட்டேன். பக்கத்தில் யாராவது மிசின் போட்டு இறைக்கிறார்களோ என்று. பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

அக்காவின் வளவுக்கு அந்தப் பக்கம் முருகேசுவின் தோட்டம். மிளகாய் வைத்திருந்தார். குடிக்க உதவாத தன் தோட்டக் கிணற்றில் சின்ன மிசின் ஒன்று வைத்து, காலையில் கொஞ்ச நேரம் இறைப்பார். பல வருடமாக அப்படித்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கேள்வி வந்த பிறகு அது நடந்ததுபோல ஆகிவிட்டது.

முருகேசு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். றஞ்சனி என்று ஒரு பெண், வாய்க்காரி, வெறும் வாளியோடு நின்று சொன்னாள்:

“முருகேசண்ணை, இனி மிளகாயை உப்புத்தண்ணியிலை ஊறப்போடத் தேவையில்லை. செடியிலேயே மோர்மிளகாய் காய்க்கும்.”

சிலர் சிரித்தார்கள். முருகேசு, தான் அளவாகத்தான் இறைத்ததாக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக வேலியைச் சுற்றி வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். தான்தான் செய்ததாக அவர் அந்த நிமிடமே நம்பிவிட்டார்.

அன்றே மிசினைக் கழற்றினார். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் விற்றார். மிளகாய் காய்ந்துபோனது. பிறகு அவர் மேற்குப் பக்கத்தில் இருந்த வேறொரு கிணற்றிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினார். தனக்கு அல்ல. அக்காவுக்கு. மற்ற வீடுகள் பவுசர் வண்டி கொண்டுவரும் தண்ணீரோடு சமாளித்தன. அக்காவுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் தண்ணீர்க் கானை இறக்கிவைத்துவிட்டுப் போவார். கல் ரோட்டு. வெயில். அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

அவரிடம் நல்ல கான்கள் இருக்கவில்லை. நான் இரண்டு கொடுத்தேன். அவர் இரண்டு கைகளாலும் வாங்கி, “பெரிய உதவி அண்ணை” என்றார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மாரி வந்தது. மழை பெய்து கிணறு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அக்கா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, உப்புக் குறைந்துவிட்டது போலக் கிடக்கிறது, குடித்துப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். குடித்தேன். குறைந்துதான் இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்படியே கிடக்கிறது அக்கா என்று சொன்னேன். அவர் பூசைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை மிச்ச மூட்டைகளையும் போட்டேன்.

முதல் தடவைக்கு ஏதாவது காரணம் சொல்லலாம். விடுதிக்குப் போட்ட காசு, காத்திருந்த ஆட்கள், இப்படி. இரண்டாம் தடவை, கான்கள் கட்டிய முருகேசுவின் சைக்கிள் வேலிக்கு மேலால் தெரியத் தெரியத்தான் போட்டேன். அதன் பிறகு எனக்கு உப்பைக் கண்டாலே ஆகாது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது உண்மையில்லை. வழமைபோலத்தான் சாப்பிடுகிறேன்.

அக்கா வளவை விட்டுப் போனது தண்ணீருக்காக இல்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பவுசர் தண்ணீரோடு அவர் சமாளித்திருப்பார். ஒரு நாள் முருகேசு சைக்கிளோடு விழுந்தார். இடுப்பில் பலமான அடி. படகில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோனோம். நானும் ஒரு பக்கம் தூக்கினேன். திரும்பி வந்த பிறகு நொண்டி நொண்டி மறுபடியும் கானைக் கட்டத் தொடங்கினார். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“எழுதித் தாறன் தம்பி. நான் இஞ்சை இருந்தால் அந்த மனுசன் நிப்பாட்டாது. என்னாலை அது சாகக்கூடாது.”

நான் முதலில் சொன்ன விலையையே கொடுத்தேன். ஒரு சதமும் குறைக்கவில்லை. அப்போது அது எனக்குப் பெரிய நேர்மையாகத் தெரிந்தது. மன்னாருக்கு மகளிடம் போக, துறைக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். படகில் ஏறும்போது அவர் என் தலையில் கை வைத்தார். நான் குனிந்து கொடுத்தேன்.

வீட்டை இடித்தோம். அறைகள் கட்டினோம். பிறகு பெய்த மழையோடு கிணறு முழுவதுமாகத் தெளிந்துவிட்டது. இனி உவர் ஏறாது. அதை உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்லலாம், ஏனென்று உங்களுக்குத் தெரியும். விருந்தினர்கள் இந்தத் தண்ணீரைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து போத்தல் தண்ணீர் எடுப்பித்துக் குடிக்கிறேன்.

ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. கிணறு தெளிந்தது நடந்ததை வெளியில் காட்டிக்கொடுக்கும் என்று முதலில் பயந்தேன். நடந்தது வேறு. முருகேசு மிசினைக் கழற்றினார், தண்ணீர் திரும்பிவிட்டது, அப்படியென்றால் மிசின்தான் காரணம் என்று ஊர் சொன்னது. கொஞ்சம் சந்தேகப்பட்டவர்களும் இப்போது நம்புகிறார்கள். முருகேசுவுக்கு எதிராக நான் ஒரு சாட்சியும் தேட வேண்டியிருக்கவில்லை. மழையே வந்து சொல்லிவிட்டது.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வது, காணி வாங்குகிறவரிடம் குறையை மறைக்கக் கூடாது என்பதற்காக. பொலிசுக்குச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். நாளைக்கு நான் தீவில் இருக்கமாட்டேன். சொல்லவேண்டிய ஆள் நீங்கள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஆளின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம்தான். உங்களிடம் சொல்வது இலேசாக இருக்கிறது.

உங்களை அவசரமாக வரச்சொன்னதற்குக் காரணம், முந்தாநாள் முருகேசு வந்தார். இவ்வளவு காலமும் வரவில்லை. தண்ணீர் நல்லாகிவிட்டதென்று சனம் சொல்வதைக் கேட்டிருக்கிறார், நம்பப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். ஒரு வாய் குடித்துப் பார்க்கலாமோ என்று கேட்டார். குழாயைத் திறந்து கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றார். வாளி கேட்டார்.

தானே அள்ளினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கையில் ஏந்திக் குடித்தார். வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு இன்னொரு வாய். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முன்வாயில் ஒரு பல் இல்லை.

சுற்றிலும் திரும்பிப் பார்த்தார். வீடு இருந்த இடத்தில் அறைகள் நிற்பதைப் பார்த்தார். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. இவ்வளவு இடம் இருக்கிறது, ஒரு மூலை கொடுப்பேன் என்று நினைத்திருக்கவேண்டும். நான் நல்லவன் என்றுதான் அவர் இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறார்.

“அண்ணை, தண்ணி திரும்பி வந்திட்டுது. மாக்கிறேற்றக்காவை இனிக் கூட்டிக்கொண்டு வரலாந்தானே?”