தாண்டுபடி

படியில இறங்குறதுக்கு முன்னால இதைக் கேட்டுக்கங்க. இந்த ஏரிக்கு ஒரே ஒரு மதகு இருந்த காலம். நம்ம கூளியூர்ல நீலம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். மாடு கவர வந்தவங்களை மறிச்சு, அவ புருசனும் கொழுந்தனும் ஒரே நாள்ல செத்தாங்களாம். ஊரு அவங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு நடுகல்லு நட்டுச்சாம். கல்லுல செதுக்கின புருசன் கையில வில்லு. கொழுந்தன் காலடியில அவன் வளர்த்த நாய். அமாவாசைக்கு அமாவாசை அவ ரெண்டு கல்லுக்கும் எண்ணெய் தடவுவாளாம். நாய்க்கும் தடவுவாளாம்.

ஒரு ஐப்பசியில மழை விடவே இல்லையாம். மதகை ஒட்டிக் கரை அரிக்க ஆரம்பிச்சுதாம். மண்ணு போட்டாங்க, கரைஞ்சுது. முள்ளு வெட்டிப் போட்டாங்க, இழுத்துட்டுப் போச்சு. கரைக்குக் கீழ முப்பது வீடு. அடைக்கிற மாதிரி பலகைக்கல்லு பக்கத்துல அந்த ரெண்டுதான். அது எல்லாருக்கும் தெரியும். ஊர்க்கவுண்டர் சென்றாயன் அவ வாசல்ல ஈரத்தோட போய் நின்னாராம்.

அவர் கேக்குறதுக்கு முன்னால அவளே சொன்னாளாம்: "மாட்டுக்காகச் செத்தவங்க, மனுசருக்காகப் படுக்க மாட்டாங்களா மாமா? எடுத்துக்கங்க. முகம் மட்டும் மண்ணுப் பக்கம் இருக்கட்டும்."

கல்லு படுத்துச்சு, கரை நின்னுச்சு. வெள்ளம் வடிஞ்சதும், ஒட்டிக் கிடந்த ரெண்டு கல்லும் தண்ணிக்கு இறங்குற ஒரு படியா ஆயிருச்சாம். நீலம்மா இடுப்புல குடத்தோட வந்து, சேலையைத் தூக்கிச் செருகி, அந்தப் படியைத் தாண்டித்தான் இறங்குவாளாம். பின்னால வந்த பொம்பளைங்களும் தாண்டினாங்களாம்.

அவ செத்தா. அவங்களும் செத்தாங்க. தாண்டுறது மட்டும் நிக்கலை. ஏன்னு கேட்டா, அடியில பேய்ம்பாங்க. என் அம்மா எனக்குச் சொன்னதும் பேய்தான். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த மருமகளுங்க, "என்னக்கா, எல்லாரும் ஆடு மாதிரி தாண்டுறீங்க"ன்னு சிரிப்பாங்க. ஒரு வாரத்துல அவங்களும் தாண்டுவாங்க.

நீலம்மா கதையும் ஊர்ல இருந்துச்சு. ஆனா கல்லு வெள்ளத்தோட போச்சுன்னு கதையை முடிச்சிருவோம். கதை ஒரு பக்கம், தாண்டுறது ஒரு பக்கம். ரெண்டையும் அப்போ யாரும் சேர்த்துப் பார்க்கலை.

ஏரி வத்தின வருசம் மதகு வேலைக்கு மிஷின் வந்து படியைப் புரட்டுச்சு. பேய் வரும்னு தள்ளி நின்னோம். மண்ணு உதிர்ந்துச்சு. ஒரு கல்லுல வில்லு. ஒரு கல்லுல நாய். மழை படாத முகம், கால் படாத முகம். நேத்துச் செதுக்கின மாதிரி இருந்துச்சு. என் பக்கத்துல நின்ன சின்னக்கண்ணு மெதுவாச் சொன்னா: "பேயில்லடி. நீலம்மா வீட்டுக்காரரு."

அதுக்கப்புறந்தான் கதையை நான் சொன்ன மாதிரி சேர்த்துச் சொல்றோம். இப்போ ரெண்டு கல்லும் கரைமேல நிக்குது, பார்த்தீங்கல்ல. அந்த இடத்துல சிமெண்டுப் படி கட்டியாச்சு. அடியில ஒண்ணுமில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். இன்னும் அதுக்குத் தாண்டுபடின்னுதான் பேரு.

இறங்குங்க. அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் எட்டி வைங்க.