அரை விநாடியை விட்டுக்கொடுக்காத அக்காவுக்கு

பாதையைக் கடக்கும் பாமரரின் பக்கம் நின்ற பிரேக் பிரிவின் பெருந்தலைவியே, முப்பத்தோரு ஆண்டுகள் சோதனைத் தடத்தின் தாரையும் தூசியையும் தன் தாய்வீடாக்கிக்கொண்ட தகைமையே, எங்கள் அக்காவே, வணக்கம்.

இந்த விழாவில் வாசிக்க நிர்வாகம் எழுதிக் கொடுத்த மடலில் உங்களை 'ஒத்துழைப்பின் சிகரமே' என்று விளித்திருந்தார்கள். அந்த வரியை அடித்துவிட்டோம். நீங்கள் ஒத்துழைக்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பாராட்டு.

சக்கரம் இறுகிக்கொள்ளாத பிரேக் வந்த காலம் தொட்டு, குறுக்கே ஆள் வந்தால் கேமரா பார்த்துக் காரே தானாக நிற்கும் இந்தக் காலம் வரை, உங்கள் கையெழுத்தின்றி ஒரு காரும் வாசலைத் தாண்டியதில்லை. கொட்டும் மழையிலும் தடத்தில் நின்றீர்கள். ஓரமாய் ஒதுங்கிய எங்களைப் பார்த்து, "ஏம்ப்பா, ரோட்ல போறவன் மழை விட்டப்புறமா அடிபடுவான்?" என்று கேட்டீர்கள். சிரித்தோம். சிரித்தபடியே நனைந்தோம்.

எங்கள் தவற்றையும் இந்தச் சபையில் சொல்லிவிடுகிறோம். திங்களும் செவ்வாயும் தடம் பிரேக் பிரிவுக்கு. புதனும் வியாழனும் எரிபொருள் பிரிவுக்கு. பிரேக் நாளில் அளவு மாறக் கூடாதென்று, எரிபொருளை மிச்சம்பிடிக்கும் சிக்கன விசையை அணைத்துவைப்போம். எரிபொருள் நாளில் மைலேஜ் கெடக் கூடாதென்று, குறுக்கே எதையும் நிறுத்தாமல் தடத்தைக் காலியாக வைப்போம். புதிய கார் இரண்டிலும் தேறியது. இரண்டையும் சேர்த்து எவரும் ஓட்டிப் பார்க்கவில்லை. காரை வாங்குகிறவர் மட்டும்தான் சேர்த்து ஓட்டப்போகிறார்.

ஒரு புதன்கிழமை, மாப்பிள்ளை என்று நாம் கூப்பிடும் சோதனைப் பொம்மையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தீர்கள். சிக்கன விசையைப் போட்டு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், பத்துமுறை. ஏழுமுறை மாப்பிள்ளை தூக்கி எறியப்பட்டார். எரிபொருளை மிச்சம்பிடிக்க எஞ்சின் உறங்கும்போது, கேமராவும் கூடவே கண்ணயர்கிறது. விழித்துப் பிரேக் பிடிக்க அரை விநாடி தாமதம். அரை விநாடியில் கார் ஐந்தரை மீட்டர் போய்விடும். நீங்கள் அமர்ந்திருக்கும் இந்த மேடைக்கும், இயக்குநர் அமர்ந்திருக்கும் முதல் வரிசைக்கும் இடையே உள்ள தூரம் அது.

எரிபொருள் பிரிவுத் தலைவர் அன்று உங்களிடம் கொதித்தார். "மூணு வருஷ உழைப்பு அக்கா. ஒரே நாள்ல கவுத்துட்டீங்களே."

"உன் எஞ்சின் நல்லாத் தூங்கட்டும் தம்பி, நான் வேணாங்கல. கேமராவை மட்டும் முழிச்சிருக்கச் சொல்லு. லிட்டருக்கு அரை கிலோமீட்டர் குறையும். குறைஞ்சா குறையட்டுமே."

மறுவாரக் கூட்டத்தில் இயக்குநர் சொன்னார்: "விளம்பரத்துல மைலேஜ் அச்சாகிடுச்சு மேடம். நீங்க சொல்றது லட்சத்துல ஒருத்தருக்கு நடக்கும்."

"லட்சம் கார் விக்கத்தானே போறீங்க? அந்த ஒருத்தர் யாருன்னு சொல்லுங்க. அவங்க வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து கையெழுத்துப் போடறேன்."

நாங்கள் பன்னிரண்டு பேரும் என்ன செய்தோம் தெரியுமா? மேசையின் மரக்கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். அதை நினைக்க நினைக்க நெஞ்சு எரிகிறது. எவர்மீதும் வருவதற்கு முன், அந்தக் கோபம் எங்கள்மீதே வருகிறது.

நீங்கள் வெளியேறிய பின் இயக்குநர் கோப்பை மூடினார். "வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆகறாங்க. நல்லா ஒரு விழா எடுத்து அனுப்பிடுங்க. திங்கக்கிழமை வேற யாராவது போட்டுக் குடுங்க." அந்த விழாதான் இது. இந்தக் கேக், இந்தப் பூங்கொத்து, இந்த ஒலிபெருக்கி எல்லாம் ஒரு கையெழுத்தை வழியிலிருந்து அகற்றுவதற்காக வாங்கப்பட்டவை.

இப்போது இயக்குநரும் கேட்கட்டும். திங்கட்கிழமை அந்தக் கோப்பு பணிமூப்புப்படி முதலாமவரிடம் வரும். அவர் போடமாட்டார். அடுத்தவரிடம் போகும். அவரும் போடமாட்டார். பிரேக் பிரிவில் பதினொரு பேர். பன்னிரண்டாமவர் எரிபொருள் பிரிவுத் தலைவர். தாம் கொடுத்த மைலேஜ் கணக்கை இன்று காலை அவரே எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார். கேமரா எப்போதும் கண் விழித்திருக்கும்படி மாற்றும்வரை இந்தக் கார் வாசலைத் தாண்டாது. வேலை போனால் போகட்டும்.

அன்பும் அஞ்சாமையும் அணிகலனாய்க் கொண்ட அக்காவே, நோயின்றி நெடுநாள் வாழுங்கள். மாலையில் மாமாவோடு காலாற நடந்து போங்கள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சாலையைக் கடந்து செல்லுங்கள். எதிரே எங்கள் கார் வரும். அது நிற்கும்.

இங்ஙனம்,
அன்று வாய் திறக்காத பன்னிரண்டு பேர்,
பிரேக் மற்றும் எரிபொருள் பிரிவுகள்